பதினெட்டா, முப்பத்தைந்தா

பதினெட்டு லிட்டர் தாராளம் என்றார் கடைக்காரர்.
பத்து நாள் கிராடோ கடற்கரையில் இருந்துவிட்டு
ஸ்டைரியாவுக்குத் திரும்பிய இரவு
நிலவறைத் தரையெங்கும் கிளைகால் பிசுபிசுப்பு.
அழுத்தமானியின் முள் சுழியில் படுத்திருந்தது.

ஸ்டென்கா டார்ச்சோடு வந்தாள்.
விரிவுத் தொட்டியை விரல் முட்டியால் தட்டினாள்,
சிவப்புக் குடம், மேலும் கீழும் ஒரே மந்த ஓசை.
"சவ்வு கிழிந்துவிட்டது.
வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறீர்கள்?"

ஐந்து, என்றாள் ரோஸ்விதா, பழக்கத்தில்.
பிறகு, இரண்டு.

அவள் கணக்குப் போட்டது
யாருமே குளிக்காத நாளுக்கு:
கூரையில் பத்து சதுர மீட்டர் தகடு,
உச்சி வெயில், திறக்காத குழாய்கள்.
உள்ளே கொதித்து ஆவியாகிற திரவம்
மிச்சத்தைப் பிடித்துத் தள்ளும்.
தள்ளப்பட்டது எங்கே போகும்?
ரயில் பெட்டியில் முகம் தெரியாதவர் நகர்ந்து அமர்வதுபோல்
ரப்பருக்கு அப்பால் காற்று கொஞ்சம் ஒடுங்கி
இடம் விட வேண்டும்.

நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
"ஆள் குறைந்த வீட்டுக்கு இவ்வளவு பெரிய குடமா?"
"ஆள் குறைந்ததால்தான், ஒட்டோகர்"
என்றாள், ஸ்பானரைத் துடைத்தபடி.

குளிர்ந்த திரும்புகுழாயில் தொங்குகிறது முப்பத்தைந்து.
நிரப்புமுன் வைத்த காற்றழுத்தம், இரண்டு பார்,
அட்டையில் அவள் கையெழுத்தில்.

இந்த ஆகஸ்டில் ஒரு மதியம் கூரை களகளத்தது.
இறங்கி ஓடிப்போய்க் குடத்தில் கை வைத்தேன்.
இளஞ்சூடு.
"ஒழுகுதா?" மேலிருந்து ரோஸ்விதா.
"இல்லை, வாங்கிக்கொள்ளுது."
"எதற்கும் இன்னொரு தரம் குளித்துவிடுகிறேன்"
என்று குழாயைத் திறந்தாள்.