பன்னிரண்டாவது நகர்வு

லேவார்டனில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி.
வியாழன் இரவு, லீக் ஆட்டம், நான்காவது பலகை.
எதிரே ஃபோல்கெர்ட், கால்வாய்ப் பாலத்தை இயக்குபவன்.
இன்று காலைதான் என் பேருந்தை
ஒன்பது நிமிடம் நிறுத்திவைத்தான்
ஒரு மணல் படகுக்காக.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நடுவைத் தொடாமல் ஓரமாய்த் தொடங்கினேன்:
சி வரிசைச் சிப்பாய், இரண்டு கட்டம்.
அவனும் அதையே.
நான் குதிரை, அவன் குதிரை.
என் மந்திரி மூலைவிட்டத்தில் போய் உட்கார்ந்தார்,
எதிர்மூலையிலும் ஒருவர் உட்கார்ந்தார்.
பள்ளிக்கூடமாயிருந்தால்
காப்பியடிக்கிறான் என்று எழுந்து சொல்லியிருப்பேன்.

அவன் பாலமும் அப்படித்தான்.
இரண்டு பாதியும் ஒன்றாக எழும், ஒன்றாகப் படியும்,
நடுவில் ஒரு விரற்கடை மிஞ்சும்.
சக்கரம் தாண்டும்போது டக்கென்று ஒரு சத்தம்.
அந்த விரற்கடைதான்
வெள்ளைக்காரியான எனக்கு இன்றிரவு கிடைத்தது:
ஒரே ஒரு நகர்வு முன்னால்.

பன்னிரண்டாவதில் என் இரண்டாம் மந்திரி
வெளியே வந்து
கறுப்புக் கோட்டையை முறைத்தார்.
ஃபோல்கெர்ட்டின் கை தன் மந்திரியிடம் போனது.
நின்றது.
ஆறிய காபியைத் தொட்டது.
பிறகு கோட்டையை
இரண்டு கட்டம் முன்னே தள்ளினான்.

முப்பத்தெட்டு நிமிடம் யோசித்தேன்.
பதினொரு நகர்வாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு
எதிரே வேறொரு ஆள் இருப்பது தெரிய
அவ்வளவு நேரமாயிற்று.

ஒரு சிப்பாய் அதிகம் வந்தது, உண்மை.
கோட்டைகள் மட்டும் மிஞ்சின.
மற்றப் பலகைகள் முடிந்து மூன்றரைக்கு மூன்றரை.
கேப்டன் ஹில்கே கோட்டு மாட்டிக்கொண்டு
என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிட்டார்.
பதினான்கு நொடி இருக்கையில்
டிரா கேட்டேன்.
ஃபோல்கெர்ட் என்னைப் பார்க்கவில்லை,
கடிகாரத்தைப் பார்த்தான்,
எட்டத்தில் வரும் படகைக் கணிப்பதுபோல.
தலையசைத்து மறுத்தான்.
வன்மமில்லை, கணக்கு.

நேரம் தவறாத ஓட்டுநர் என்று
கம்பெனி கொடுத்த கேடயம் வீட்டில் இருக்கிறது.
கடிகாரம் பூஜ்யம் காட்டியது.

ஹில்கே ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.
நாங்கள் காய்களைப் பின்னுக்கு ஓட்டினோம்,
பதினொன்று வரை,
பலகை மறுபடி கண்ணாடியாகும்வரை.
"மந்திரியையே நகர்த்தியிருந்தால்?" என்றேன்.
"அதைத்தான் நானும் பயந்தேன்," என்றான்,
மந்திரியை எடுத்து வைத்தான்.
கடைக்காரர் கீழிருந்து
இரண்டு முறை விளக்கை அணைத்து எரியவிட்டார்.

எனக்கு ஆறேகாலுக்கு வண்டி.
அவனுக்கு ஐந்தே முக்காலுக்குப் பாலம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.