பிளாஸ் ஹெலிக்கில் ஏழு வகை விருந்து

பிரிஸ்டலிலிருந்து மருமகள் அனுப்பிய பரிசுச் சீட்டு
நவம்பரோடு காலாவதி.
அதனால்தான் போனோம்,
கிடாய்களை மந்தைக்குள் விட்ட வாரத்தில்,
எம்ரிஸின் கழுத்தில் டை ஏறிப்
பதினோரு வருஷத்துக்குப் பிறகு.

வாசலில் வெள்ளைச் சரளை.
வண்டியைச் சமையல்கட்டுப் பக்கம் நிறுத்தச் சொன்னார் ஒருவர்,
முட்டை போட வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்.

மெனு ஒற்றைத் தாள். வினைச்சொல்லே கிடையாது.
கிழங்கு. புகை. மோர்.
பாசி. நினைவு.
நினைவு நன்றாக வெந்திருக்குமா என்று
எம்ரிஸ் கேட்டது
அடுத்த மேசைக்கும் கேட்டது.

முதலில் வந்தது ஒரு கூழாங்கல்.
அதன் மேல், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஏதோ.
கல்லைச் சாப்பிடக் கூடாது என்று
குனிந்து சொன்னான் மேக்சன்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைப் பையன்.
போன கோடையில் எங்கள் கொட்டிலில்
சட்டையில்லாமல் வைக்கோல் கட்டு ஏற்றியவன்
கறுப்பு மேல்கோட்டுக்குள்
எங்களைத் தெரியாதவன்போல் நின்றான்.
அப்படி நிற்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
நாற்பது நிமிடம்.
கணப்பில் நெருப்பில்லை, மெழுகுவத்தி அடுக்கியிருந்தார்கள்.
சுவரில் அந்தக் காலத்துத் துரைமார்,
நன்றாகத் தின்ற முகங்கள்.
மழையைப் பற்றிப் பேசினோம்,
பிறகு ரொட்டியைப் பற்றி.
ரொட்டி நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.
இன்னொன்று கேட்டேன்.
விசாரித்து வருகிறேன் என்று போன பெண்
வரவேயில்லை.

ஐந்தாவது, கறி.
மெனுவில் அதற்கு மட்டும் முழு விலாசம்:
பிரின் காலெட் மலை ஆட்டுக்குட்டி.
எம்ரிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டான். கழற்றினான். போட்டான்.
பிரின் காலெட் எங்கள் வீடு.
கேட்டில் நான் பெயின்ட் அடித்த பெயர்,
இரண்டாவது எல் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
இந்தச் சமையல்கட்டுக்குக் கடைசியாகக் குட்டி கொடுத்து
மூன்று வருஷம் ஆகிறது.
அந்தப் பணத்தில் பாதி இன்னும் வரவில்லை.

ஒரு துண்டு வெட்டினான். மென்றான்.
ஈனும் ஆட்டுக்குள் கைவிட்டுக்
குட்டியின் காலைத் தேடும்போது மூடுவதுபோல்
கண்ணை மூடிக்கொண்டான்.
“இது மலையே ஏறாத ஆடு,” என்றான்.

நான் காத்திருந்தேன்.
எழுவான், நாற்காலி சாயும்,
மேனேஜர் ஓடிவருவார்.
உண்மையைச் சொன்னால்
அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்கு அன்று பசி.

அப்போது மேக்சன் வந்தான், சாஸ் கிண்ணத்துடன்.
கை நடுங்கி ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது.
கதவருகே நின்ற யாரோ அதைப் பார்த்ததை
அவன் பார்த்தான்.
எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டான்
மனப்பாடமாக, இங்கிலீஷில்,
எங்களோடு ஒருநாளும் இங்கிலீஷ் பேசாதவன்.
எம்ரிஸ் தட்டைப் பார்த்தான்.
பையனின் காதைப் பார்த்தான், சிவந்திருந்தது.
“அருமை,” என்றான் வெல்ஷில்,
கதவு வரைக்கும் கேட்கும்படி.

பரிசுச் சீட்டு போக
இன்னும் அறுபத்து நான்கு பவுண்டு.
தண்ணீருக்கு மட்டும் ஒன்பது.
எண்ணி வைத்தான். மெனுவை நாலாக மடித்து
கோட்டின் உள்பையில் செருகினான்,
வாங்கிய பொருள் அது ஒன்றுதான் என்பதுபோல்.

நாப்கினில் சுற்றி எடுத்து வந்த மிச்சக் கறியை
கேட்டருகே நாய்க்குப் போட்டேன்.
முகர்ந்தது. எம்ரிஸைப் பார்த்தது.
பிறகு தின்றது.
நாய்க்கு விலாசம் தேவையில்லை.

மெனு இப்போது கொட்டிலில்,
வராத பாக்கிகளின் சீட்டுகளைக் குத்திவைக்கும் ஆணியில்,
மேலாகத் தொங்குகிறது.
ஞாயிற்றுக்கிழமை மருமகள் போன் செய்தாள்,
சாப்பாடு எப்படி என்றாள்.
ரொட்டி நன்றாக இருந்தது என்றேன்.