ஆறாவது படி

செல்லூர்ச் சந்தில் மாடி வீடு, பதினொரு படி.
ஆட்டோவை நிறுத்தும் சத்தம் கேட்டால்
நாலு வயசு தர்னிகா கீழே ஓடி வருவாள்.
என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணி ஏறுவாள்:
"மூணு, நாலு, அஞ்சு, ஏழு..."

ஆறு எங்கடி?
சிரிப்பாள். எட்டு, ஒம்பது என்று போய்க்கொண்டிருப்பாள்.

"பிள்ளை ஆறை முழுங்குது, வீட்ல கொஞ்சம் பாருங்க"
என்றார் அங்கன்வாடி வெள்ளைத்தாயி டீச்சர்.
பார்த்தேன்.
டவுன்ஹால் ரோட்டில் சார்ட் வாங்கி ஒட்டினேன்;
அதில் ஆறு வாத்து நீந்தியது.
வாத்துக்கெல்லாம் பேர் வைத்தாள், எண்ணவில்லை.
பன்னீர் சோடா மூடிகள் சேர்த்துக் கொடுத்தேன்.
மூடிக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து
இட்லி பரிமாறினாள்,
ஒருத்தருக்கும் குறையாமல்.
அதுவும் கணக்குதான் என்று
பத்தாவதில் இருபத்தொன்பது வாங்கிய எனக்கு
எப்படித் தெரியும்?
"ஆறு சொல்லு" என்று அதட்டினேன்.
கடையை மூடிவிட்டாள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.
செல்போனில் சார்ஜும் இல்லை.
இருட்டில் "அஞ்சு" என்றாள்,
என் கை வெடுக்கென்று மேலே போனது.
"ஏழு."
என் கால் தேடியது:
ஐப்பசி மழையில் பெயர்ந்த படி,
வீட்டுக்காரர் இந்தா அந்தா என்று இழுக்கும் படி,
மூன்று மாதமாய் நானும்
நினைக்காமலே தாண்டுகிற படி.

"அதான் இல்லையேப்பா.
இல்லாததை எப்படி எண்ணுறது?"

பதினொன்றில் முடித்தாள்.
தினமும் சரியாகத்தான் முடித்திருக்கிறாள்.

படியிலேயே உட்கார்ந்து பேசி
ஒரு விளையாட்டுக்கு வந்தோம்:
தாவும்போது, கால் படுவதற்கு முன்னால்,
காற்றில் வைத்துச் சொல்ல வேண்டும்.
அஞ்சு. தாவல். ஆறு! ஏழு.
பதினேழு தடவை ஏறி இறங்கியிருப்போம்.
கீழ்வீட்டு ரஷீதா பானு கதவைத் திறந்து
"இருட்டுல என்னண்ணே தேடுறீங்க?" என்றார்.
ஆறை, என்றேன்.

மறுநாள் சிம்மக்கல் சவாரி.
என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.
யானைக்கல் பாலத்தில்
"இது என்னப்பா?"
"ஆறு."
எட்டிப் பார்த்தாள்.
மணல், கருவேலம், இரண்டு எருமை.
"இதுவும் இல்லையா?"
நான் பதில் யோசிப்பதற்குள்
இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு
"ஆ..." என்று ஆரம்பித்தாள்.
மூச்சு விடவில்லை.
பின்சீட்டில் பேச்சு நின்றது.
பாலம் முடிந்து
அந்தக் கரையில் சக்கரம் இறங்கியதும்
"...று."