நூற்றுப் பதினேழு

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, துணிக்கடை மாடி.
பல் செட்டு செய்வது என் தொழில்.
ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு என் அச்சில் வார்த்தது.
மீதிப் பேர் இன்னும் வரவில்லை,
வருவார்கள்.

ஓல்டெரிக் பேனா மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்தது
எழுதுவதற்காக அல்ல.
அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவன் எனக்குப் பங்காளி முறை:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில்
கெட்டி ரப்பரில் பல் தட்டு வார்த்தவன்.
அண்ணத்துக்குப் போக மிஞ்சிய ரப்பரைக்
கடைசலில் உருட்டிக் குடைந்து மை ஊற்றினான்.
முனைக்குத் தங்கம்,
பல்லுக்கு உருக்கிய அதே சட்டியிலிருந்து.
முதல் சண்டையில் பேனா நின்றது, ஊசிக்குழல் செய்தான்.
இரண்டாம் சண்டையில் கூரை போனது.
மகன் வந்தான், மருமகன் வந்தான், வழக்கு வந்தது.
அறுபதாம் ஆண்டுக்கு முந்நூறே முந்நூறு பேனா,
ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் வெட்டி.
எண்பத்தொன்றில் ஒரு லைட்டர் கம்பெனி
பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது.
அன்றிலிருந்துதான் விலை ஏறியது.

என்னுடையது 117.
பம்பாய் ஏலத்தில் எடுத்தேன்,
வீட்டில் சொல்லாத தொகைக்கு.
பெட்டி, பெட்டிக்கு மேல் அட்டை, உத்தரவாதச் சீட்டு,
மை படாத முனை.
மை பட்டால் பாதி விலை.
வெயில் பட்டால் ரப்பர் பாசி நிறத்துக்குப் போகும்,
அதிலும் பாதி.
ஆகவே லாக்கர், ஆகவே இருட்டு.
வருடத்துக்கு இரண்டு முறை வங்கிக்குப் போய்
மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன்;
கந்தக வாசம்,
தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி.

போன ஆனியில் கீழ்த்தாடைக்கு அளவு கொடுக்க
கோரிப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்,
பிலோமின் சகாயராணி.
ரசீதில் கையெழுத்துப் போடப் பையைத் துழாவி
வெற்றிலைப் பொட்டலம், பஸ் டிக்கெட், ஜபமாலை எல்லாம் தாண்டி
ஒன்றை எடுத்தார்.
பாசி நிறம். கிளிப் ஆடியது.
மூடி ஓரத்தில் பல் பதிந்த குழி,
கீழ் இடது கோரைப்பல், சந்தேகமே இல்லை.
அந்தப் பல் இப்போது வாயில் கிடையாது,
அதற்கும் சேர்த்துத்தான் அளவு.
கழுத்தில் 117.

யாருடையது போலி?
செல்போனில் என் பேனாவின் படத்தைப் பெரிதாக்கி
இரண்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு ஏழிலும் வால் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தது.
ஒரே கை. வெட்டியவன் எண்ண மறந்திருக்கிறான்,
சாப்பாட்டு மணி அடித்திருக்கலாம்.
118 பிறக்கவே இல்லை.

பிழைக்கு மவுசு அதிகம்.
ஜோடியாக அமைந்தால் வைத்ததுதான் விலை.
நாக்கில் தண்ணீர் ஊற, அதை மறைத்துக்கொண்டு,
"இதை விலைக்குத் தருவீங்களா?" என்றேன்.

"அண்ணன் கப்பல்ல இருந்தப்ப கொண்டாந்தது தம்பி.
பத்திர ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் இதுலதான் போட்டேன்.
முகூர்த்த நாள்னா நூறு பத்திரம் வரும்,
கை செத்துப்போகும், இது சாகாது.
உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குன்னீங்களே,
அது எப்படி எழுதுது?"

"இன்னும் எழுதலை."

"ஐயோ, ரிப்பேரா?" என்றார்.
நிஜமான கவலையோடு.

மறுநாள் வங்கி.
பெட்டியைத் தூக்கினேன்.
அடியில் வீட்டுப் பத்திரம்,
தொண்ணூற்றெட்டில் தல்லாகுளத்தில் பதிந்தது,
பேனாவுக்கு முன்பே லாக்கருக்குள் வந்தது.
கடைசிப் பக்கம், ரப்பர் முத்திரை, சார்பதிவாளர்.
அதன் மேல் கருநீல மையில்
பி. சகாயராணி.
ணியின் சுழியில் முனை அழுந்தி
தாள் லேசாகக் கீறியிருந்தது.
விரலால் தடவினால் தட்டுப்பட்டது.

மேலாளர் வாசலில் சாவிக் கொத்தை ஆட்டினார்,
சாப்பாட்டு நேரமாம்.
ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பத்திரம்,
எதை அடியில் வைப்பது என்று
நின்றுகொண்டிருந்தேன்.