உறைப்புக் கணக்கு

செவ்வாய்க்கிழமை என்றால் மல்லாவிப் பக்கம்.
ஸ்கூட்டியின் கால்தட்டில் பதினெட்டுக் கிலோ தூள்,
சீற்றுக்குக் கீழே கொப்பி,
கொப்பிக்குள் மற்றவர்களின் கடன்.
ஹெல்மெற்றுக்குள் தும்முவது என் தொழில் நோய்.
அதற்குக் காப்புறுதி இல்லை.

கடைகளின் பெயர் எனக்குத் தேவைப்படுவதில்லை.
மாங்குளம் சந்தியில் கனகேஸ்வரியக்காவுக்குப்
பலகையே கிடையாது,
கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய றோல்ஸ்தான் விலாசம்.
இளவறுப்பு, பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கல்.
பஸ் நிற்கிற ஐந்து நிமிசத்தில்
முப்பது பேருக்குக் கொடுத்து, முப்பது பேரிடமும் வாங்கி,
மிச்சக் காசு ஒரு சதம் பிழைக்காது.
எனக்கு மட்டும்
"வாற கிழமை பார்ப்பம்."

விநாயகபுரம் தாண்டினால் மரியசீலனின் கொத்துக்கடை.
பின்னேரம் நாலுக்குத்தான் திறக்கும், பகலில் ஆள் மேசன்.
றொட்டியைக் கொத்தி முடித்ததும்
தகட்டின் ஓரத்தை இழுத்து இழுத்து
மட்டம் பார்ப்பார், சுவர் பூசுகிற மாதிரி.
அவருக்குக் கறுக்க ஒரு நிமிசம் முன்னால் இறக்கிய தூள்.
சாவியைக் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்.
நானே திறந்து, நானே நிறுத்து,
நானே பூட்டிவிட்டு வருவேன்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் தயாநிதி, இடியப்பம்.
நோயாளிக்குக் கட்டிக் கொடுக்கிற பார்சல்,
"உறைக்காத தூள் இருக்கோ?" என்று கேட்டாள் ஒருநாள்.
இருக்கு, அதற்குப் பெயர் கொத்தமல்லி என்றேன்.
அன்றிலிருந்து அரைக்கிலோ, ஒழுங்காகக் கைக்காசு.

இனித் துணுக்காய்.
பேரின்பத்தாரின் சாப்பாட்டுக்கடையில்தான் என் மத்தியானம்.
வவுனிக்குளத்து யப்பான் மீன், பயித்தங்காய்ப் பால்கறி,
முருங்கையிலை வறை.
நாலு வருசமாக நான் காசு கொடுத்ததில்லை,
தூள் காசில் கழிப்போம்.

இந்தச் செவ்வாய், முதல் கவளத்திலேயே
குழம்புக்குள் வேறொருத்தி.

மேலே நல்ல சிவப்பு,
நாக்கு நுனியில் சத்தம் போட்டுவிட்டுத்
தொண்டைவரை வராமல் திரும்பிப் போகிற உறைப்பு.
பைக்கற்றில் வருவது.
போன கிழமை "ஸ்ரொக் கிடக்குப் பிள்ளை" என்றவர்
தண்ணிச் செம்பை எனக்கு முன்னால் வைத்துவிட்டு
லாச்சிக்குள் இல்லாத சில்லறையைத் தேடினார்.

வாசலில் அப்போதுதான் பார்த்தேன்: புதுப் பலகை.
கம்பனியின் பெயர் கதவளவு,
கடையின் பெயர் கீழ்மூலையில்.
பேரின்பம் என்பதில் இன்பத்தைப் பிழையாக அடித்திருந்தார்கள்.
கிலோவுக்கு நானூறு குறைவாம், மாதக் கடனாம்,
இரவில் எரிகிற பல்பும் சும்மாவாம்.
பக்கத்து மேசைக்காரர் சொன்னார்,
நான் கேட்கவில்லை.

மீன் நல்ல மீன். அதோடு எனக்கென்ன கோபம்.
முள்ளை ஒதுக்கி முழுவதும் சாப்பிட்டேன்.
சோறு நானூறு, ரீ அறுபது.
காசை நீட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
"கொப்பியில எழுது" என்றார்.

கழிக்கிறதற்கு ஒன்றும் இல்லாத பக்கத்தில்
முதல்தடவையாக என் பெயரை
நானே கடன்காரியாக எழுதினேன்.

ஸ்கூட்டியைத் திருப்பும்போது
கோடிப்பக்கத்தால் அவரின் மனிசி வந்தா,
பராசக்தியக்கா,
கையில் கழுவித் துடைத்த ஹோர்லிக்ஸ் போத்தல்.
"கால் கிலோ போடு.
கடைக்கில்லை,
நாங்கள் தின்ன."

போட்டேன். தும்மினா. நானும்.
நானூற்றைம்பது கழிந்தது.
இன்னும் பத்து ரூபா நான்தான் கொடுக்கவேண்டும்,
தாளும் கையில் இருந்தது.
கொடுக்கவில்லை.
அடுத்த செவ்வாய் அந்தப் பக்கம் போக
ஒரு சாட்டு வேண்டாமோ?