முட்டுக்கல்

மூன்றாம் நம்பர் வண்டிக்கு செல்ஃப் எடுக்காது.
பேட்டரி செத்து பதினோரு மாதம்.
ராத்திரியில் அதை மூஞ்சிக்கல் இறக்கத்தில்
மூக்கு பள்ளம் பார்க்க நிறுத்துவேன்.
விடிகாலை நாலரைக்கு
கண்ணாடியில் படிந்த பனியைப்
பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிட்டு
நான் ஏறி உட்கார்ந்ததும்
சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லை
வீருசின்னம்மாள் உருவுவாள்.
வண்டி தானாக நகரும்.
இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால்
இருமும், குலுங்கும்,
பிறகு ஊருக்கு முன்னால் விழித்துக்கொள்ளும்.

கல்லைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடிவருவாள்.
ஐம்பத்திரண்டு வயது.
ஓடிவந்து ஏறுவதும் வேலையில் சேர்த்தியா என்று
ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு மதியம் வரை அணைக்கக் கூடாது.
நாயுடுபுரம், ஏழு ரோடு, அப்சர்வேட்டரி மேடு.
ஓட்டல் பின்வாசலில்
நேற்றைய பிரியாணி தொட்டியோடு கவிழும்போதும்
நாங்கள் நின்றபடி டீ குடிக்கும்போதும்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மே மாதம் நாலு நடை எட்டு நடையாகும்.
சம்பளம் மட்டும் மார்கழியிலேயே நிற்கும்.
வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்தவர்கள்
மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே
ஏரிக்கு எப்படிப் போகணும் என்பார்கள்.
நானும் ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமலே
முகவாயால் காட்டுவேன்.

போன மாதம் பிரகாசபுரம் கிடங்குக்குப் போகும் வழியில்
நட்டநடு ரோட்டில் ஒரு காட்டெருமை.
கேரட் தழை வாசம் அதை நிறுத்தியிருந்தது.
ஹாரன் அடிக்கவும் கூடாது, அணைக்கவும் கூடாது.
நாற்பது நிமிடம்
அது அசைபோட்டது,
வண்டி உறுமியது,
டீசல் முள் இறங்கியது.
அதற்கு யார் பேரில் பற்று எழுதுவது?
காட்டெருமைக்குச் சம்பளச் சீட்டு இல்லை.

எனக்கு இருக்கிறது.
டீசல் மிகை ஆயிரத்து நூற்றைம்பது, மாதம் தவறாமல்.
பக்கவாட்டுக் கண்ணாடி நானூறு
(உடைத்தது குரங்கு).
பி.எஃப். எங்கே போகிறது என்றால்
ஆன்லைனில் என்று வானத்தைக் காட்டுகிறார்கள்.
கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு,
கைக்கு வருவது இன்னொன்று.
நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு.
அந்த முனையில் நிற்பது யாரென்று
இங்கிருந்து தெரியாது.

பேட்டரி விலை ஆறாயிரத்து முந்நூறு.
நான் எட்டாவதோடு நின்றவன்தான்.
ஆனாலும் பதினோரு மாதப் பிடித்தத்தை
சிகரெட் அட்டையில் கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு பேட்டரி வாங்கலாம்.
ஐம்பது ரூபாய் மிச்சமும் இருக்கும்,
டீக்கு.

இன்று பத்தாம் தேதி.
ஆபீஸ் இருப்பதும் மேட்டில்தான்.
எல்லாரும் சேர்ந்து உள்ளே போய்ப் பேசுவதாக ஏற்பாடு.
சவரிமுத்து போனான், ஒண்டிவீரன் போனான்,
நேற்றுச் சேர்ந்த பையன்கூட
கையுறை இல்லாத கையைக் காட்டப் போயிருக்கிறான்.
என்னால்தான் போக முடியவில்லை.
கல் உள்ளே போயிருக்கிறது.

வீருசின்னம்மாள் அதை
பூசணிக்காய் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள்.
மேசையில் வைத்த சத்தம் இங்கே கேட்டது.
"என்னம்மா இது?"
"ஹேண்ட் பிரேக்குங்க சார்.
ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்திக்கங்க."

யாரோ சிரித்தார்கள்.
எங்கள் ஆளா அவர்கள் ஆளா தெரியவில்லை.
பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

கீழே இறக்கத்தில்
ஒரு பேரிக்காய்த் தள்ளுவண்டி,
வெயில் காயும் நாய்,
செல்ஃபி எடுக்கும் ஒரு குடும்பம்.
நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
எஞ்சின் ஓடுகிறது.
இந்த டீசலையும் என் கணக்கில் எழுதுவார்கள்.

அவசரமில்லை, நிதானமாகப் பேசட்டும்.
கெண்டைக்கால் லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது,
அவ்வளவுதான்.