குறிப்புகள் என்ற கட்டம்

ஐந்து நாள் பேசக்கூடாது என்று
குரோம்பேட்டை டாக்டர் சொன்னதில் இது இரண்டாம் நாள்.
குரல்நாணில் அரிசி அளவு ஒரு முடிச்சாம்.
மண் பார்க்கிறவளுக்கு வாய் எதற்கு என்று
அலுவலகத்தில் சிரித்தார்கள்.
ரிக் ஓடும்போது கத்திக் கத்தித்தான்
என் தொண்டை போனது.

பல்லாவரம். ஏழாம் எண் சோதனைக்குழி.
மேலே ஒன்றரை மீட்டர் இடிபாடு:
செங்கல், டைல்ஸ், யாரோ பல் தேய்த்த பிரஷ்,
பால் பாக்கெட்டின் நீலம் மட்டும்.
அடியில் செம்மண். அதற்கும் அடியில்
துருப்பிடித்த கொண்டைக்கடலைபோலச் சரளை.
எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு,
ஆழம், நிறம், ஈரம், இறுக்கம்.
கடைசிக் கட்டம் குறிப்புகள்.
அதில் வழக்கமாக ஒரு கோடு போட்டுவிடுவேன்.

மூன்று மீட்டர் இருபதில்
மங்கள் மராண்டி ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.
ஒரு பக்கம் ஆற்றில் உருண்ட வழவழப்பு,
மறுபக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்த விளிம்பு.
பிடித்துப் பார்த்தேன்.
கட்டைவிரலுக்கு இடம் இருந்தது.

ஜேசிபியின் பல் பட்டும் கல் இப்படி உடையும்.
ஆனால் உடைந்த முகமும் பழுத்துக் கிடந்தது.
ஆறும் கல்லை உடைக்கும்தானே.
இந்த ஊர்ச் சரளையில்தான்
நூற்றறுபது வருடம் முன்பு ஒரு கற்கோடரி கிடைத்தது,
கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
அதைச் செதுக்கியவர்கள்
இந்த மேட்டை என்னவென்று அழைத்தார்கள் என்று
யாரும் கேட்கவில்லை.
கையை நீட்டி 'அங்கே' என்றிருக்கலாம்.
தண்ணீர் இருக்கும் இடத்துக்கு
அது போதுமான பெயர்.

ஜேசிபியின் கழுத்தில், மஞ்சள்மேல் கறுப்பில்,
'தொண்டைமண்டலம் எர்த் மூவர்ஸ்'.
மகளுக்குப் போட்டோ அனுப்பினாராம் மராண்டி.
என்ன எழுதியிருக்கிறது என்று
தும்காவிலிருந்து அவள் கேட்கிறாளாம்.

வாய் இருந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.
கடல் தாண்டி வந்த நாகர் மகளின் பிள்ளைக்கு
அடையாளமாகச் சுற்றி அனுப்பிய கொடி என்று ஒரு கதை,
அவன் ஆண்டதால் நாட்டுக்கும் அதே பெயர் என்று கதையின் வால்.
பல்லவம் என்றாலும் தளிர்தான் என்பார் ஒருவர்.
கொடி முதலா, பிள்ளை முதலா,
பெயர் வைத்த பிறகு கதை கட்டினார்களா,
எனக்கும் தெரியாது.
கால் வைத்த மண்பேழையில் தம் மனிதரைக் கிடத்தியவர்கள்,
ஏரிக்கு ஏரி கலங்கல் வைத்து
மழையைக் கைமாற்றியவர்கள்
எல்லார்மேலும் அந்தக் கொடி படர்ந்திருந்தது,
அவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்திருந்தாலும்.

தகரவேலியில் ஏறிக் கிடந்த கோவைக்கொடியைக் காட்டினேன்.
பழைய தமிழில் தொண்டை அதுதான்.
பிறகு காற்றில் பெரிய வட்டம் போட்டேன், மண்டலம்.
சொல் ஒன்றுதானே என்று
கடைசியாக என் கழுத்தைத் தொட்டேன்.
அங்கேதான் தப்பு செய்தேன்.

மராண்டி யோசித்தார்.
'குந்த்ரு' என்றார், முகம் தெளிந்து.

மறுநாள் காலை
வட்டமான ஒரு சம்படம் என் மேஜைமேல்.
கோவை இலையை மிளகு தட்டிக் கொதிக்கவைத்த சாறு.
கொடி, பாத்திரம், கழுத்து:
அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை.
லேபர் ஷெட்டில் ஒன்பது பேர்
வேலியில் பாதியை மொட்டையடித்திருந்தார்கள்,
பிஞ்சுகள் அன்று அவர்களுக்குப் பொரியலாம்.

கசப்பு. சூடு.
முடிச்சைத் தாண்டி மெல்ல இறங்கியது.
பெயர் உள்ளே போவதை
அன்றுதான் முதல்முறை உணர்ந்தேன்.

கல்லைப் பையிலிட்டுக் கட்டி
குழி எண், ஆழம், தேதி எழுதினேன்.
தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம்.
பதில் வரும்வரை ஏழாம் குழியை மூடவேண்டாம் என்றதற்கு
மேனேஜர் போனில் கத்துகிறார்,
நான் பதில் சொல்ல முடியாது என்பது மறந்து.

குறிப்புகள் கட்டத்தில்
பென்சிலால் மட்டும்:
வலக்கையில் அடங்குகிறது.
இடக்கையில் இல்லை.